உழவர் சந்தைக்குப் பட்டியலோடு போகாதீர்கள்

அப்பாவுக்கு முட்டி வலி வந்ததும் என் கைக்கு வந்து சேர்ந்த பூர்வீகச் சொத்து ஒரு கட்டைப்பை. ஏதோ ஒரு தீபாவளிக்குத் துணிக்கடையில் கொடுத்தது. கைப்பிடியை அம்மா இரண்டு தடவை தைத்திருக்கிறார், அடியில் எப்போதும் நாலு வெங்காயச் சருகு கிடக்கும். இதைத் தூக்கிக்கொண்டு செவ்வாயும் சனியும் விடிகாலையில் உழவர் சந்தைக்குப் போய்வருவது அப்பாவின் வேலையாக இருந்தது. நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் வெண்டைக்காய் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்று யோசிக்காமலே சாப்பிட்டவன் நான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நான் செய்தது இப்போது எல்லாரும் செய்வதுதான், போனில் ஒரு ஆப். பத்து நிமிடத்தில் காய்கறி. ஒன்றரை மாதம் அப்படி ஓட்டினேன், அப்புறம் மாறி இப்போது மூன்று மாதமாகச் சந்தைதான். இரண்டிலும் சொந்தக் காசைப் போட்டுப் பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கோவையில் எந்தச் சந்தை என்று மட்டும் கேட்காதீர்கள், கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், வாராவாரம் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது. ஆப்பின் பெயரும் வேண்டாம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த விமர்சனத்தால் பிரயோஜனமில்லை. அப்பா, அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நான், ஆக ஆறு பேர். காலையும் மதியமும் அம்மா பார்த்துக்கொள்வார். மனைவி வேலை முடிந்து வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும் என்பதால் ராத்திரிச் சமையல் என்னுடையது. பெரிய சமையல்காரன் எல்லாம் இல்லை. தோசை, சப்பாத்தி, ஒரு சாதம், ஒரு கடைசல், மீந்த குழம்பைச் சூடு பண்ணுவது, இவ்வளவுதான் என் எல்லை.

ஆப்பை முதலில் முடித்துவிடலாம். நல்லது இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் ராத்திரி எட்டரைக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்து நின்றார், வீட்டில் பாலும் இல்லை, தயிரும் இல்லை, வந்தவர்களுக்கு அம்மா தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் பால் பாக்கெட் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்துக்கு அது கடவுள். ஆனால் காய்கறி என்று வந்தால் கதை வேறு. ஒரு தடவை அரைக்கிலோ தக்காளி கேட்டேன், மேலே நாலு நல்லது, அடியில் மூன்று நசுங்கி, பை முழுக்கத் தண்ணீர். போட்டோ எடுத்து அனுப்பினேன், பணம் திரும்பி வந்தது, தக்காளி திரும்பி வரவில்லையே. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது பணத்தை வைத்துக்கொண்டு என்ன வதக்குவது? இன்னொரு நாள் சின்ன வெங்காயம். படத்தில் பளபளவென்று இருந்தது, வந்ததில் பாதிக்கு மேல் முளை விட்டிருந்தது. கீரை எப்போதுமே ஈரத்தோடு பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டு வந்தது, காலையில் வாங்கினால் சாயங்காலம் கொழகொழ. இது போதாதென்று ஐந்து ரூபாய் கொத்தமல்லிக்குக் குறைந்தபட்ச பில் இவ்வளவு வர வேண்டும் என்று கணக்கு, அதைச் சரிக்கட்ட ஒரு சிப்ஸ், ஒரு பிஸ்கட், ஒரு சாக்லேட். பிள்ளைகள் இரண்டும் அந்த ஒன்றரை மாதத்தை இன்றைக்கும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது வெண்டைக்காய்ப் பொரியலில் இருந்து ஒரு நாரை எடுத்து வாழை இலை ஓரத்தில் வைப்பதுபோல் தட்டு ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.

சந்தைக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது விலைப்பலகை. நான் முதல் நாள் அதைத் தாண்டி நேராகக் காய்க்குப் போய்விட்டேன், அது தப்பு. அன்றைக்கு எந்தக் காய் என்ன விலை என்று அதிகாரிகள் காலையில் முடிவு செய்து எழுதிப் போடுகிறார்கள். மொத்த மார்க்கெட் விலைக்கு மேலே கொஞ்சம், வெளிக் கடை விலைக்குக் கீழே கொஞ்சம், விற்கிறவருக்கும் கட்டுப்படி ஆக வேண்டும், வாங்குகிறவருக்கும் லாபம் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் இங்கே பேரம் பேசுவதில் பெரிய அர்த்தமில்லை. பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பேசத் தெரிந்தவர்களுக்குப் புரியாது. பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போனால் போதும்.

அப்பா இந்தச் சந்தையின் சரித்திரமே வைத்திருக்கிறார். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். ஆந்திராவில் அதே வருடம் ஜனவரியில்தான் ரைத்து பஜார் என்று இதே மாதிரி ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். விளைவித்தவரே கொண்டுவந்து விற்பது, நடுவில் தரகு கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள், விவசாயிதான் என்பதற்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை. அப்பா சொல்வது, 2001இல் ஆட்சி மாறின பிறகு சில வருடம் பாதிக் கடை காலியாகக் கிடந்தது, 2006க்கு அப்புறம்தான் மறுபடி களை கட்டியது. ‘அந்தக் காலி நாள்லயும் நான் போயிட்டுத்தான் இருந்தேன்’ என்பதை அவர் சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்ட மாதிரி சொல்வார்.

முதல் நாள் நான் பட்டியலோடு போனேன். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பட்டியலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். என் போனில் பீன்ஸ் அரைக்கிலோ, கேரட் அரைக்கிலோ, காலிஃபிளவர் ஒன்று, குடைமிளகாய் கால்கிலோ என்று இருந்தது. ஆப்பில் பழகின கை. அன்றைக்கு பீன்ஸ் விலை ஏறிக் கிடந்தது, இருந்ததும் முற்றல். காலிஃபிளவர் இரண்டே கடையில். குடைமிளகாயைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் கண் எதிரே வரிசை வரிசையாகப் பீர்க்கங்காய், பூசணி, சுரை, அவரை, கொத்தவரை, பச்சைக் காம்போடு கத்தரிக்காய், ஒரு பக்கம் முழுக்கக் கீரை. நான் அதையெல்லாம் தாண்டித் தாண்டி என் பட்டியலைத் தேடிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினேன். கால்பையோடு வீட்டுக்கு வந்து சந்தையில் ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் மெல்லப் புரிந்தது. இங்கே மெனுவை நாம் போட முடியாது, சந்தைதான் போடும். எது குவிந்து கிடக்கிறதோ அது அன்றைக்கு இளசாகவும் இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வரும்போது ராத்திரிக்கு என்ன என்று யோசித்தால் போதும். முன்பெல்லாம் ஆபீசில் நாலு மணிக்கே இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது என்ற கவலை ஆரம்பித்துவிடும், இப்போது அது காலையிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் மிச்சமான பணத்தை விட இது பெரிய லாபம்.

ஒரு உதாரணம். இரண்டாவது வாரம் கீரைப் பக்கம் நின்று எதை எடுப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, பருப்புக்கீரை, எல்லாம் எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மா என் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டு, ‘ஏங் கண்ணு, இந்தப் பைக்கார அய்யா வரலீங்களா?’ என்று கேட்டார். பையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ‘அப்பாவுக்கு முட்டி வலிங்கம்மா, இனி நான்தான் வருவேனுங்க’ என்றேன். ‘அப்பிடியா சாமி’ என்று சொல்லிவிட்டு நான் கேட்காமலே ஒரு கட்டுப் பருப்புக்கீரையை எடுத்துக் கொடுத்தார். தண்டு சிவப்பாக, இலை குட்டிக் குட்டியாகத் தடிமனாக இருந்தது. ராத்திரிக்கு என்று சொன்னதும் செய்முறையும் வந்தது: ‘தொவரம்பருப்பு ஒரு கை போட்டு முதல்ல வேக வையி, பாதி வெந்ததும் கீரையப் போட்டு, சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு நாலு பல்லு, வரமொளகா ரெண்டு, சீரகம். வெந்ததும் சட்டில ஊத்திக் கடைஞ்சிரு. புளி போட்றாத, அதுலயே புளிப்பு இருக்குது.’ கடைசியில் ஒரு கைப்பிடி கருவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் திணித்தார்.

அன்றைக்கு ராத்திரி அப்படியே செய்தேன். மிக்சியில் ஒரு சுற்று விடலாமா என்று நினைத்தேன், அம்மா மத்தை எடுத்து நீட்டினார். மத்தில் கடைந்தால் இலை பாதி மசிந்து பாதி அப்படியே இருக்கும், நாக்கில் தட்டுப்படும், மிக்சியில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும், வித்தியாசம் சாப்பிட்டால்தான் தெரியும். சுடுசாதம், நடுவில் குழி, கடைசல், மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள வடகம். அடுப்பில் நின்றது மொத்தம் முப்பது நிமிடம்கூட இருக்காது. அப்பா இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார். பாராட்டு எல்லாம் அவர் வாயிலிருந்து வராது, இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதுதான் பாராட்டு.

சந்தைக்குப் போகாத நாளில், அதாவது வெள்ளிக்கிழமை மாதிரி, பையும் ஃபிரிட்ஜும் காலியாகிவிட்ட நாளில் எங்களைக் காப்பாற்றுவது அரிசிம்பருப்பு சாதம். கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மற்றவர்கள் சாம்பார் சாதம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றரை டம்ளர் பொன்னி அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, கழுவி ஊறப் போடுவேன். குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், கொஞ்சம் மிளகு, வரமிளகாய், கருவேப்பிலை. சின்ன வெங்காயம் இரண்டு கை, நறுக்காமல் முழுசாக அல்லது இரண்டாக. பூண்டு பத்துப் பல், தட்டிப் போட வேண்டும். தக்காளி இரண்டு, மஞ்சள் தூள். அரிசியும் பருப்பும் சேர்த்து இரண்டு டம்ளர், அதற்கு ஐந்து டம்ளர் தண்ணீர், நாலு விசில். இறக்கி நெய் விட்டுக் கிளறினால் முடிந்தது. தயிரும் ஊறுகாயும் இருந்தால் போதும், அப்பளம் இருந்தால் விருந்து.

இந்தச் சாதத்துக்கு உயிர் சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் போட்டுச் செய்து பார்த்திருக்கிறேன், வேறு ஏதோ ஒரு நல்ல சாதம் கிடைக்கும், இது கிடைக்காது. சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கும்போது நான் கற்றுக்கொண்டது, கையில் அள்ளினால் சலசலவென்று சருகுச் சத்தம் கேட்க வேண்டும். ஈரமாக, சத்தமே இல்லாமல் விழுந்தால் வேண்டாம், இரண்டு நாளில் அழுக ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பிவிட வேண்டும். பிளாஸ்டிக் பையோடு மூலையில் வைத்த ஒரு கிலோவை நான் ஒரு தடவை முழுசாகக் குப்பையில் போட்டிருக்கிறேன், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

காய் பார்த்து எடுப்பது தனிப் பாடம். கத்தரிக்காய்க்குக் காம்பைப் பார்க்க வேண்டும், பச்சையாக, தொட்டால் முள் குத்துகிற மாதிரி இருந்தால் இன்றைக்குப் பறித்தது. சுரைக்காயில் நகத்தை லேசாக அழுத்தினால் இறங்க வேண்டும். முருங்கைக்காயைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்த்தால் வளைந்துகொடுக்க வேண்டும். வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் நாலு ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தால் விற்கிறவர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம், நுனி ஒடிந்த காயை அடுத்தவர் எடுக்க மாட்டார். நான் ஒன்று ஒடிப்பேன், டப்பென்று ஒடிந்தால் அந்தக் கடையிலேயே வாங்கிவிடுவேன்.

தக்காளி விஷயத்தில் அம்மா சொன்ன ஒரு யோசனை. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து தக்காளி நிறைய வருகிறது. ஒரே பக்குவத்தில் இரண்டு கிலோ வாங்காமல், பழுத்தது அரைக்கிலோ, செங்காய் ஒரு கிலோ என்று கலந்து வாங்கினால் அடுத்த சந்தை நாள் வரைக்கும் வரும். செங்காயை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெளியிலேயே கிடந்து பழுக்கட்டும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, குருமாவுக்கு அந்தத் தோல் தடித்த ஹைப்ரிட். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி ஓடியதே, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது, அந்தச் சமயம் அப்பா தினமும் பலகை விலையைப் போனில் கூப்பிட்டு அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தையிலும் மலிவாக இல்லை. உழவர் சந்தை என்பதற்காக ஊரில் இல்லாத விலைக்குக் கொடுத்துவிட மாட்டார்கள், மொத்த மார்க்கெட் ஏறினால் பலகையும் ஏறும். அதேபோல முகூர்த்த நாளைக்கு முந்தின நாள் போகாதீர்கள். புரட்டாசி மாதத்தில் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிட்டுக் காய்க்கு வந்துவிடும், சனிக்கிழமை ஆறு மணிக்கே நிற்க இடம் இருக்காது.

இனி குறைகள். முதல் குறை நேரம். ஆறிலிருந்து ஏழரைக்குள் போனால்தான் சந்தை. எட்டரைக்கு மேல் போனால் கீரை இருக்காது, இளங்காய் இருக்காது. ஒன்பதுக்கு மேல் மிச்சத்தைக் கூறு கட்டி வைப்பார்கள், கூறு பத்து, இருபது என்று, அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் அதுவும் நல்ல பேரம்தான், ஆனால் அந்நேரம் நான் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். ராத்திரி வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இவர்களை ‘காலையில் எழுந்தால் என்ன’ என்று கேட்பதெல்லாம் சரியில்லை. வண்டி நிறுத்துவது இரண்டாவது தலைவலி. சனிக்கிழமை வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் முன்னால் மூன்று வண்டி, பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, மேலே ஒரு மாடு. மாடு என் பையிலிருந்து கொத்தமல்லியை இழுத்ததும் நடந்தது.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. எல்லாக் கடையிலும் உட்கார்ந்திருப்பவர் விளைவித்தவர்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரே ஆள் கேரட்டும் தேங்காயும் தர்பூசணியும் மாங்காயும் ஒன்றாக வைத்திருந்தால் அந்தத் தோட்டம் எங்கேயப்பா இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஒரு கடையில் பலகை விலைக்கு மேல் கிலோவுக்கு எட்டு ரூபாய் சொன்னார், போட்டோவைக் காட்டினேன், ‘அது ரெண்டாந்தரத்துக்குங்க’ என்றார். சண்டை போடவில்லை, நகர்ந்துவிட்டேன். நான் வைத்திருக்கும் கணக்கு, மூன்று அல்லது நாலு காய்க்கு மேல் இல்லாத கடை, அதிலும் மண் ஒட்டியிருக்கும் காய் இருந்தால், அங்கே நிற்கலாம். தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து வருகிற ஒருவர் அவரையும் கருவேப்பிலையும் மட்டும்தான் வைத்திருப்பார், சில நாள் வாழைப்பூ. அவரிடம் வாங்கின அவரையில் இதுவரை ஒரு புழு பார்த்திருக்கிறேன். புழு இருந்தது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

சுத்தம் பரவாயில்லை, மழை பெய்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பணம் கொடுப்பது பிரச்சினையே இல்லை, கீரைக்கார அம்மாவின் தராசுக்கு முன்னாலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது, ஆனால் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்ய எனக்கு மனசு வருவதில்லை, சில்லறை கொண்டுபோவேன். பை கட்டாயம் கொண்டுபோங்கள். 2019இலேயே பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது, அப்புறம் மஞ்சப்பை என்று அரசே சொன்னது, இருந்தும் கேட்டால் சிலர் அடியிலிருந்து ஒரு கவரை உருவத்தான் செய்கிறார்கள். ஒரே பெரிய பைக்குப் பதில் உள்ளே இரண்டு சின்னத் துணிப்பை வைத்துக்கொண்டால் தக்காளி பூசணிக்கு அடியில் சாகாது.

சந்தையில் கிடைக்காதது மளிகை. அதற்குத் தெருமுனை அண்ணாச்சி கடை. மாதச் சாமானை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் பையன் கொண்டுவந்து வைத்துவிடுவான், உளுந்து போன தடவை மாவு காணவில்லை என்று அம்மா சொன்னால் அடுத்த தடவை வேறு உளுந்து வரும். ரேஷனில் வாங்கும் கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பு எங்கள் வீட்டில் கடைசலுக்கும் அரிசிம்பருப்புக்கும் போகிறது. வேக ஒரு விசில் கூடுதலாகப் பிடிக்கும், ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிகிறதாம்.

பணக் கணக்கு கேட்பீர்கள். ஆப் மாதத்தில் காய்கறி, பழம், கூடவே தொற்றிக்கொண்டு வந்த சிப்ஸ் வகையறா எல்லாம் சேர்த்து 4,300 சொச்சம். இப்போது சந்தைச் செலவு மாதம் 2,600லிருந்து 2,900 வரைக்கும், பெட்ரோல் தனி. முழு வித்தியாசத்தையும் சந்தையின் கணக்கில் எழுத முடியாது, சிப்ஸை நிறுத்தினதே எழுநூறு இருக்கும். குப்பைக்குப் போகிற காய் குறைந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். காசு கொடுத்து, கனம் தூக்கி, கண்ணால் பார்த்து வாங்கினதை வீணாக்க மனசு வராது, பீர்க்கங்காய்த் தோலைக்கூடத் துவையல் அரைத்துத் தோசைக்கு வைக்கிறேன். மகளுக்குச் சுரைக்காய் என்ற பெயரே ஆகாது, அதைத் துருவி அடை மாவில் கலந்துவிடுகிறேன், அடை மெத்தென்று வருகிறது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவள் அண்ணனுக்குத் தெரியும், வாயை அடைக்க அவனுக்கு ஒரு அடை அதிகம்.

பூஜையோ விருந்தோ வைத்திருக்கிறீர்கள், இன்ன காய் இன்ன அளவு கட்டாயம் வேண்டும் என்றால் இந்தச் சந்தையை மட்டும் நம்பாதீர்கள். பனீர், காளான், குடைமிளகாய், புரொக்கோலி என்று சமைப்பவர்களுக்கும் இது சரிப்படாது, வேறு கடை பாருங்கள். ராத்திரிக்குத் தோசைக்கு ஒரு சட்னியும், சாதத்துக்கு ஒரு கடைசலும், சப்பாத்திக்கு ஒரு கூட்டும் போதும் என்கிற வீடுகளுக்குத் தைரியமாகச் சொல்வேன். ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று வண்டி நிறுத்தும் இடத்துக்கும் மாட்டுக்கும்.

நட்சத்திரம் கொடுக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நான் வந்ததும் பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். கத்தரிக்காய்க்குத் தலையாட்டினார். கொத்தவரையைப் பார்த்து ‘இது ஏமாத்திட்டான்’ என்றார். போன சனிக்கிழமை பூசணி குவிந்து கிடந்தது, சந்தைதான் மெனு போடும் என்று இவ்வளவு நேரம் பேசினேன் அல்லவா, அந்த ஜோரில் கீற்று வாங்காமல் முழுப் பூசணியாகவே வாங்கிவிட்டேன், ஐந்தரைக் கிலோ. சாம்பார் வைத்தாயிற்று, கூட்டு செய்தாயிற்று, தட்டைப்பயறு போட்டுப் புளிக்குழம்பு வைத்தாயிற்று, எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாயிற்று. இன்னும் பாதி ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரி பூசணியில் ஏதாவது தெரிந்தால் நாளைக்குள் சொல்லுங்கள், அல்வா மட்டும் வேண்டாம், சர்க்கரை அப்பாவுக்கும் ஆகாது அம்மாவுக்கும் ஆகாது.